மறுபாதிக் கல்

பெய்ஜிங்
3 நவம்பர் 1996

அன்புள்ள அக்காவுக்கு,

எழுத்தைப் பார்த்ததும் என் முகத்தையே பார்த்ததாக நினைத்துக்கொள். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது? ஷுவான்ஜு அத்தான் நலமா? கோழிகள் நலமா? கோழிகளுக்கு முன்னால் அத்தானை விசாரித்திருக்கிறேன், மறக்காமல் அவரிடம் சொல்.

முதலில் ஒரு விண்ணப்பம். உறையின் மேல் 'நாய்மிச்சம்' என்று எழுதாதே. பேய் தூக்கிக்கொண்டு போகாமலிருக்க அம்மா வைத்த பெயர் என்று ஆராய்ச்சிக்கூடத்துக் காவல்காரருக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. இங்கே எனக்கு டோங் யோங்குவான் என்று ஒரு பெயர் இருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வசந்தத்தில் அப்பாவும் நானும் கிழக்கு மேட்டில் ஒரு கல்லைப் பிளந்தோமே, அதில் ஒரு பாதியைப் போர்வையில் சுற்றி ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேனே, அதைத்தான் நான்கு மாதமாக ஊசியால் சுத்தம் செய்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு விரல்நகம் அளவு நகர்ந்தால் அதிகம். பிராணி நம் சேவல் அளவுதான். வாய் நிறையப் பல், நீளமான எலும்பு வால், ஓடுகிற கால்கள். சந்தேகமே இல்லை, டைனோசர்தான். ஆனால் கழுத்திலிருந்து வால் வரைக்கும் முதுகோரமாக ஒரு கருப்புக் கரை தெரிகிறது. உருப்பெருக்கியில் பார்த்ததும் என் கை அப்படியே நின்றுவிட்டது. அது தூவி, அக்கா. பஞ்சு போன்ற தூவி.

பேராசிரியர் நிங் பார்த்துவிட்டு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். "பறவை எங்கேருந்து வந்துச்சுன்னு நூறு வருஷத்துக்கு மேல சண்டை போடறாங்கப்பா. பதில் உங்க ஊர்ச் சோளக்கொல்லைக்கு அடியில படுத்துக் கிடந்திருக்கு" என்றார்.

அதாவது டைனோசர்கள் எல்லாம் செத்தொழியவில்லை. அதில் ஒரு கிளை இறகு முளைத்து, பறந்து, இன்றைக்கு உன் முற்றத்தில் தவிடு தின்கிறது. அப்பாவிடம் இதைச் சொல். அவர் என்ன சொன்னார் என்று அப்படியே எழுது.

உன் தம்பி
யோங்குவான்


டோங்ஜியாகோ
21 நவம்பர் 1996

என் அருமை நாய்மிச்சத்துக்கு,

உறைக்குள்தானே எழுதியிருக்கிறேன், கோபிக்காதே. எல்லாரும் நலம். அப்பாவுக்கு இருமல் கொஞ்சம் கூடியிருக்கிறது. குளிர் வேறு சீக்கிரமே வந்துவிட்டது.

அவர் சொன்னதை அப்படியே எழுதச் சொன்னாய். எழுதுகிறேன், வாங்கிக்கொள். "கோழி உரிச்சவனுக்கு இது தெரியாதா? காலைப் பாரு, பூராச் செதில். பல்லிக் காலை மாட்டிக்கிட்டுத்தானே சுத்துது? இதைக் கண்டுபிடிக்க உன் தம்பிக்கு நாலு மாசமா? இதுக்குச் சம்பளம் வேற குடுக்கறாங்களா?"

வாய்தான் அப்படி. சாப்பிட்டதும் பெட்டியைத் திறந்து அவரிடமுள்ள பாதியை எடுத்து ஜன்னலோரம் வைத்துக்கொண்டு இருட்டும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். "அதையும் அவனிடமே கொடுத்திருக்கலாமே" என்றேன். "ரெண்டு பாதியும் ஒரே வீட்டுல இருந்தா ஒண்ணை ஒண்ணு எதுக்குத் தேடும்? அவங்கிட்ட ஒண்ணு, எங்கிட்ட ஒண்ணு. அப்பத்தான் பய வீட்டுக்கு வருவான்" என்றார்.

முட்டைக்கோசு ஊறல் போட்டுவிட்டோம். இருநூறு கோசு, இரண்டு தாழி. உன் அத்தான் வெளியூர் மாப்பிள்ளை என்பதை இந்த வருஷமும் நிரூபித்தார். கோசை அமுக்க மேட்டிலிருந்து ஒரு தட்டையான ஏட்டுக்கல்லைச் சுமந்து வந்தார். அப்பா பிடித்துக்கொண்டார். "என்ன மாப்ளே, ஏட்டுக்கல்லையா தாழியில போடுவீங்க? பத்தே நாள்ல ஏடு ஏடாப் பிரிஞ்சு கோசு பூரா மண்ணாப் போகும். இந்த ஊர்ல பொறந்த நாய்கூட இதைப் பண்ணாது." அத்தான் ஆற்றுக்குப் போய் உருண்டைக் கல் கொண்டுவந்தார். அன்றைக்கு முழுவதும் அவர் பேசவில்லை, வீடு நிம்மதியாக இருந்தது.

பிப்ரவரியில் புது வருஷத்துக்கு வந்துவிடு. கொழுக்கட்டைக்கு உன் பங்கு கோசு எடுத்து வைக்கிறேன்.

அக்கா
குய்ஜென்


பெய்ஜிங்
12 ஜனவரி 1997

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அப்பாவும் அத்தானும் நலமென்று நம்பி எழுதுகிறேன். நான் நலமாக இருக்கிறேன் என்று எழுதினால் பொய்.

மேலிடத்திலிருந்து ஒருவர் வந்தார். கல்லைப் பார்த்தார், பிறகு என் கையைப் பார்த்தார். "இது தூவியுமில்ல, ஒண்ணுமில்ல. ஊசிக் கீறல். அந்தப் பக்கத்து ஆளுங்க கைவேலை நமக்குத் தெரியாததா?" என்றார். நான்கு பேர் எதிரில் சொன்னார். நம் பக்கத்தில் சிலர் உடைந்த கல்லுக்குப் பசை போட்டு வேறெதோ பிராணியின் வாலை ஒட்டி விற்கிறார்கள் என்பது உண்மைதானே? அதனால் எனக்குக் கோபம்கூட முழுசாக வரவில்லை. அழுகைதான் வந்தது.

மே மாதம் வெளியூர் நிபுணர்கள் வந்து பார்த்து முடிவு சொல்வார்கள். கீறல் என்று முடிவானால் கல் கிடங்குக்குப் போகும், நான் வீட்டுக்கு வரவேண்டியதுதான். தற்காலிக ஊழியனுக்கு யார் பரிந்து பேசுவார்கள்? பேராசிரியர் ஒருத்தர்தான் என் பக்கம். கீறல் இல்லை என்று நிரூபிக்க ஒரே வழி அப்பாவிடம் இருக்கும் மறுபாதி. அதில் யாருடைய ஊசியும் பட்டதில்லை. இரண்டு பாதியிலும் ஒரே கரை ஒரே இடத்தில் இருந்தால் என் கை சுத்தம் என்று தெரிந்துவிடும்.

அப்பாவிடம் கேட்டு, பஞ்சில் சுற்றி அத்தானிடம் கொடுத்தனுப்பு. புது வருஷத்துக்கு என்னால் வர முடியாது. இந்த நேரத்தில் லீவு போட்டால் ஓடிவிட்டான் என்பார்கள். அப்பாவைக் கோபிக்க வேண்டாமென்று சொல்.

தம்பி
யோங்குவான்


டோங்ஜியாகோ
16 பிப்ரவரி 1997

அன்புள்ள தம்பிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. உன் கடிதம் வந்த சமயம் வீட்டில் வேலை அதிகம். நேரத்துக்குச் சாப்பிடு. ஊசி பிடிக்கிறவன் பட்டினி கிடந்தால் கை நடுங்கும்.

அப்பா சௌக்கியம். இருமல் நின்றுவிட்டது. உன் தூவியைப் பற்றி ஒன்று சொன்னார். "பொரிஞ்சு வர்ற குஞ்சுக்கு மொதல்ல பஞ்சுதான் வருது, இறக்கை அப்புறந்தான். பறக்கறது கெடக்கட்டும், அதுக்கு முன்னாடி குளிருமில்ல? அவன் பிராணியும் குளிருக்குத்தான் போத்தியிருக்கும்." இதை உன் பேராசிரியரிடம் சொல்.

கல்லைத் தேடிப் பார்க்கிறேன்.

அக்கா


பெய்ஜிங்
25 பிப்ரவரி 1997

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவுக்கு இருமல் நின்றது கேட்டு நெஞ்சு நிறைந்தது. அவர் சொன்னதைப் பேராசிரியரிடம் சொன்னேன். இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொன்னார். "இறகுன்னா பறக்கத்தான்னு நாம எல்லாம் ஒரே பக்கமாப் பார்த்துக்கிட்டிருக்கோம். உங்கப்பா குஞ்சைப் பார்த்திருக்கார்" என்றார். 'முதலில் சூடு, பிறகு பறத்தல் – பெரியவர் டோங்' என்று தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறார். அப்பாவிடம் சொல், தலைகால் தெரியாமல் ஆடப்போகிறார்.

கல்லைத் தேடுவதென்ன? அப்பாவின் பெட்டியில்தானே இருக்கிறது? சீக்கிரம் அனுப்பு.

இந்தப் புது வருஷத்துக்கு வாசலில் ஒட்டிய சிவப்புத் தாளில் அப்பா என்ன எழுதினார்? ஒவ்வொரு வருஷமும் கதவின் இடது பக்கத்து வரியைக் கோணலாகத்தான் எழுதுவார். அதைப் பார்க்காதது எனக்கு ஏதோ போலிருக்கிறது.

தம்பி
யோங்குவான்


டோங்ஜியாகோ
9 மார்ச் 1997

தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம். அப்பாவும் நலம்.

கல் இனி கிடைக்காது. ஜனவரிக் குளிரில் இரண்டாவது தாழிக்கு ஒரு கனம் தேவைப்பட்டது. அவசரத்தில் கையில் கிடைத்ததை எடுத்துக் கோசின் மேல் வைத்துவிட்டேன். அது உன் கல்தான். ஊறி, ஏடு ஏடாகப் பிரிந்து கரைந்துவிட்டது. மிச்சத்தை வழித்துக் குப்பையில் கொட்டினேன். தப்பு என்னுடையது. அப்பாவின்மேல் கோபப்படாதே, அவருக்கு இது தெரியாது.

வேறு வழி இருக்கும். உன் பேராசிரியர் நல்லவராகத் தெரிகிறார்.

அக்கா


பெய்ஜிங்
16 மார்ச் 1997

அக்காவுக்கு,

பன்னிரண்டு கோடி வருஷம் மண்ணுக்கடியில் கெடாமல் கிடந்த ஒன்றைக் கோசுத் தாழியில் போட்டு ஒரே குளிர்காலத்தில் கரைத்துவிட்டாய். ஊர்ப் பெண்களுக்குக் கோசும் கோழியும்தான் உலகம் என்று இங்கே பேசுவார்கள். நான் உனக்காகச் சண்டை போட்டிருக்கிறேன். இனிமேல் போட மாட்டேன்.

எனக்குப் பதில் எழுத வேண்டாம்.

டோங் யோங்குவான்


பெய்ஜிங்
18 மார்ச் 1997

அக்கா,

போன கடிதம் வந்திருந்தால் அடுப்பில் போட்டுவிடு. இன்னும் வந்திராவிட்டால், வந்ததும் பிரிக்காமலே போடு. இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. கோபம் இறங்கிவிட்டது. இறங்கினதும்தான் புத்தி வந்தது.

ஏட்டுக்கல்லைத் தாழியில் போடுவதா? நீயா? நாம் நடக்கக் கற்றுக்கொள்வதற்கு முன்னால் கற்றுக்கொண்டது அது. அத்தான் அந்தத் தப்பைச் செய்வார், ஏன், இந்தப் பெய்ஜிங்கே வரிசையில் நின்று செய்யும். நீ செய்ய மாட்டாய். உன் நவம்பர்க் கடிதத்தை மறுபடியும் எடுத்துப் படித்தேன். அப்பா அத்தானைத் திட்டியதை நீயே எழுதியிருக்கிறாய். அப்படியானால் பொய் சொல்கிறாய். எனக்கு வந்த காய்ச்சலை அம்மாவிடம் மறைத்ததைத் தவிர வேறு பொய் நீ சொல்லி நான் பார்த்ததில்லை.

சிவப்புத் தாளைப் பற்றிக் கேட்டேன். அதற்கு நீ பதிலே எழுதவில்லை. துக்க வீட்டில்தான் சிவப்புத் தாள் ஒட்ட மாட்டார்கள்.

அக்கா, அப்பா எங்கே?

யோங்குவான்


டோங்ஜியாகோ
24 மார்ச் 1997

என் கண்ணே,

உட்கார்ந்துகொண்டு படி. பக்கத்தில் யாராவது இருந்தால் நல்லது.

அப்பா போய்விட்டார். ஜனவரி பத்தொன்பதாம் தேதி காலையில். உன் கடிதம் வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அதை அவருக்கு முழுசாகப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே படுத்திருந்தார். "சொல்லாதே. இந்தக் குளிர்ல விழுந்தடிச்சு ஓடி வருவான். ஓடிட்டான்னு பேர் வாங்குவான். வேலை நெலைச்சப்புறம் சொல்லு. எனக்கொண்ணும் அவசரமில்ல" என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினார். நிலம் இரும்பாக உறைந்து கிடந்தது. தீ மூட்டி இளக்கித்தான் கிழக்கு மேட்டில் அம்மாவின் பக்கத்தில் குழி வெட்டினார்கள். மகன் இடத்தில் உன் அத்தான் நின்றார். ரொம்ப அழுதார்.

கல்லைப் பற்றிச் சொல்கிறேன். செத்தவர்களுக்கு விடிந்தது தெரியவேண்டுமென்று தலைமாட்டில் சேவல் உருவம் தைத்த தலையணை வைப்போமில்லையா? துணி எடுத்துத் தைக்க உட்கார்ந்தேன். உயிர் இருக்கும்போதே அவர் பார்த்துவிட்டார். "அது வேணாம்மா. என் பாதிக் கல்லை வை. பய சொல்றது நெசம்னா அதுவும் கோழிக் குடும்பந்தானே? பெரிய தாத்தன் சேவல். அது கூவினா நல்லாவே கேக்கும்" என்று சிரித்தார். "அதைத்தான் அவன் வேணும்னு கேக்கறானே அப்பா" என்று சொன்னேன். அந்த நேரத்தில் அது அவர் காதில் விழவில்லையோ, விழுந்தும் மறந்தாரோ, தெரியவில்லை. செத்துக்கொண்டிருப்பவரிடம் இரண்டாவது முறை கேட்க எனக்கு வாய் வரவில்லை. வைத்துவிட்டேன். அவருடைய தலை அதன்மேல்தான் இருக்கிறது.

அன்றிலிருந்து ஒரு ராத்திரிகூட நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. அவர் கேட்டதைச் செய்தால் நீ கெட்டாய், உனக்குச் செய்தால் அவர். தாழிப் பொய்யைச் சொன்னால் என்மேல் கோபப்பட்டு விட்டுவிடுவாய் என்று நினைத்தேன். நீயும் நம் ஊர்க்காரன் என்பதை மறந்துவிட்டேன்.

இன்னொரு பொய்யும் இருக்கிறது. குஞ்சுக்கு முதலில் பஞ்சு என்பதை அப்பா சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். அவர் குரலை உனக்குக் கேட்கச் செய்ய வேண்டியிருந்தது. சுவரிலிருந்து அந்தத் தாளை எடுக்கச் சொல்லிவிடு.

நான் முடிவு செய்துவிட்டேன். ஏப்ரல் ஐந்து சிங்மிங். கல்லறைக்கு மண் போடும் நாள்தானே, அன்றைக்கு மண்ணை எடுக்கிறோம். அத்தான் மண்வெட்டியைத் தீட்டி வைத்திருக்கிறார். ஊர் தூற்றட்டும். அப்பாவுக்கு விடிந்தது தெரியாமல் போனால் போகட்டும். உனக்கு விடியணும்.

அக்கா


தந்தி
பெய்ஜிங், 29 மார்ச் 1997

திறக்காதே. நான் வருகிறேன். திறக்காதே.


டோங்ஜியாகோ
30 ஏப்ரல் 1997

அருமை நாய்மிச்சத்துக்கு,

போய்ச் சேர்ந்த கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். வெள்ளைக் கோழி பதினைந்து முட்டைக்குப் பதினான்கு பொரித்துவிட்டது.

நீ போன பிறகும் உன் அத்தான் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு நின்றாராம், நீ அதை வாங்கிக் கல்லறைமேல் மண் அள்ளிப் போட்டாயாம். நானும்தான் அங்கே இருந்தேன் என்று சொன்னால் அவருக்குக் காதில் ஏறவில்லை. "என் கை சுத்தம்னு நாலு பேருக்குக் காட்ட அப்பா தலையைத் தூக்கணுமா அக்கா? தூவி உள்ள பிராணி உலகத்துல ஒண்ணே ஒண்ணா வாழ்ந்திருக்கும்? கோழின்னா கூட்டமாத்தான் இருக்கும். இன்னொண்ணு எங்கயாவது கெடைக்கும். கெடைக்கலைன்னா நான் வந்து கோசு போடறேன்" என்றாயே, அதை அப்படியே நடித்துக் காட்டுகிறார். உன் குரல் அவருக்கு வரவே இல்லை.

மேட்டிலிருந்து இறங்கும்போது நான் மட்டும் பாதி வழியில் திரும்பிப் பார்த்தேன். மண் போட்டு முடித்ததும் நீ குனிந்து கல்லறைமேல் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாய். என்ன கேட்டது என்று நான் கேட்கவில்லை.

மே மாதம் என்ன சொன்னாலும் மறைக்காமல் எழுது. மறைப்பது இந்தக் குடும்பத்தில் யாருக்கும் கைவரவில்லை.

அக்கா


பெய்ஜிங்
19 அக்டோபர் 1997

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். மே மாதத்துச் செய்தியை உனக்கு முன்பே எழுதிவிட்டேன். முடிவு சொல்ல மாட்டோம், சந்தேகம் இருக்கிறது என்று எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். ஊசியை வாங்கி வைத்துக்கொண்டு என்னைப் பெட்டி அடுக்கப் போட்டார்கள். கோடை முழுவதும் வைக்கோலும் ஆணியும்தான். வேலையை விட்டுத் துரத்தாமல் பார்த்துக்கொண்டது பேராசிரியர்.

போன மாதம் நம் ஊருக்கு அடுத்த ஓடையிலிருந்து இன்னொரு கல் வந்தது. இரண்டு பாதியும் சேர்ந்தே வந்தது, யாரும் தொடாத கல். அந்த நிபுணர்களையே மறுபடி கூப்பிட்டு அவர்கள் எதிரில் திறந்தார்கள். பெட்டியைத் திறந்து கொடுத்தது நான்தான், அது என் வேலையாயிற்றே. இரண்டு பாதியிலும் முதுகோரமாக அதே கரை. கழுத்திலிருந்து வால் வரைக்கும், அதே பஞ்சு. என் கல்லை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார்கள். அண்ணன் தம்பி போல இருந்தது. ஜனவரியில் என் கையைப் பார்த்தவர் இன்னொரு தரம் என் கையைப் பார்த்தார். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. ஒரு சிகரெட் கொடுத்தார். நான் குடிப்பதில்லை, ஆனாலும் வாங்கிக்கொண்டேன். மறுநாள் ஊசி திரும்பி வந்தது. வேலையும் நிரந்தரமாகிவிட்டது. அப்பா சொல்லச் சொன்ன நாள் இதுதான், அக்கா.

சுவரில் இருந்த தாளை நான் எடுக்கவில்லை. 'பெரியவர் டோங்' என்பதை மட்டும் அடித்துவிட்டு 'டோங் குய்ஜென், கோழி வளர்ப்பவர்' என்று எழுதினேன். பேராசிரியர் உன்னைப் பார்க்க வேண்டுமாம். வசந்தத்தில் வருகிறார். குஞ்சு பொரிக்கிற சமயமாகப் பார்த்து வரச் சொல்லியிருக்கிறேன்.

நேற்று என் கல்லைப் பதிவேட்டில் ஏற்றினார்கள். எலும்பு, தூவி, கிடைத்த இடம் எல்லாம் எழுதியாயிற்று. மறுபாதிக்கு ஒரு கட்டம் இருக்கிறது. பெரும்பாலும் அதில் 'கிடைக்கவில்லை' என்றுதான் எழுதுவார்கள். பேராசிரியர் பேனாவை அந்த இடத்தில் வைத்தவர், எழுதாமல் என் பக்கம் நீட்டினார். "நீயே எழுதுப்பா" என்றார்.

எழுதினேன்: 'மறுபாதி இருக்குமிடம், டோங்ஜியாகோ, கிழக்கு மேடு. வைத்திருப்பவர், டோங் தேஷுன், விவசாயி.'

அவர் படித்துப் பார்த்து முத்திரை குத்தினார்.

இந்தப் புது வருஷத்துக்கு வருகிறேன். துக்கம் மூன்று வருஷம், சிவப்புத் தாள் ஒட்ட இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது, அதனால் என்ன. அத்தானை விசாரித்ததாகச் சொல். கோழிகளையும். அடுத்த தடவை மேட்டுக்குப் போனால் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு: பாதி இங்கே பத்திரம், நான் வீட்டுக்கு வருகிறேன் என்று.

உன் தம்பி
நாய்மிச்சம்